கொசுறுக் குரல்

சிரிப்பு கட்டாயம் வரும், ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் திரிந்துபோகிற சிரிப்பு இது, முதலில் ரெமிஜியுஸ் தன் இடது முட்டியை என்ன செய்வது என்று யோசித்து முடிக்கட்டும். முட்டிக்காப்பின் பட்டை பின்பக்கம் சுருண்டுகொண்டு நாலைந்து முடியைச் சேர்த்துப் பிடித்து இழுக்கிறது, குனிந்து சரிசெய்யலாமென்றால் மார்பில் மாட்டியிருக்கிற குண்டு துளைக்காத உடுப்பு குனிய விடாது, மண்டியிடலாமென்றால் மறுபடி தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும், யாரையாவது கூப்பிடலாமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது என்பது ரெமிக்கு எப்படிப்பட்ட தண்டனை என்றால், காக்காயை மதிலில் உட்காரவைத்துக் கரையாதே என்று சொல்வதுபோல. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி, ரைஃபிள் கிளப்பின் தகரக் கொட்டகை. கொட்டகைக்கு முன்னால் கொடிக்கம்பம். கம்பத்துக்குப் பக்கத்தில், தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கிலிருந்து கழுத்துவரை கறுப்புத் துணி, கையுறை, முழங்கைக் காப்பு, கணுக்காலை நெரிக்கிற பூட்ஸ் என்று ஒரு இஞ்ச் தோல் வெளியே தெரியாமல் பதினாறு வயது ரெமி, ஞாயிற்றுக்கிழமை வெயிலில், அசையாமல். இந்த உடுப்பெல்லாம் கிளப்புடையது இல்லை. போன வருஷம் ஒரு சினிமா கோஷ்டி இடத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நாள் தீவிரவாதிகளைப் பிடித்துவிட்டு, பிடித்த களைப்பில் ஒரு மூட்டையை மறந்து போட்டுவிட்டுப் போனார்கள், அதில் இருந்தது. தலைக்கவசத்துக்குள் இன்னும் எந்தத் துணை நடிகரின் தேங்காயெண்ணெய் வாசமோ இருக்கிறது. அந்த ஆள் எத்தனை முறை செத்திருப்பார், செத்து விழும்போது கவசம் கழன்று உருண்டிருக்குமா, உருண்டால் மறுபடி எடுத்திருப்பார்களா என்று ரெமியின் மனசு அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டு, முடி இழுக்க, முட்டிக்கே திரும்பி வருகிறது.

மாஸ்டர் சொன்னதால்தான் நிற்கிறான். மாசிலாமணி மாஸ்டர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று இந்தக் கிளப்பில் சுடச் சொல்லிக்கொடுக்கிறவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப் ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டார், கூப்பிட்டதும் ரெமி எழுந்து நின்றுகொண்டான், ஏனென்றால் மூன்று ஞாயிறாக அவனைக் கொட்டகைப் பக்கமே சேர்க்கவில்லை. "ஏல ரெமி, மாஸ்டர் பேசுதேன். ஸ்டோர் ரூம்ல கெடக்க கமாண்டோ உடுப்பு பூராத்தையும் மாட்டிக்கிட்டு ஞாயித்துக்கெழம கொடிக்கம்பத்துகிட்ட வந்து நில்லு. நான் வந்து சொல்லுத வரைக்கும் வாயத் தொறக்கப்பிடாது. தொறந்த, நேரா வீட்டுக்குப் போயிரு, அதுக்கப்புறம் இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காத. தொறக்காம நின்னா உன் பேரு ஸ்டேட் மேட்சுக்குப் போவும். குஉறி முக்கியம்ல, குஉறி." போன் வைக்கப்பட்டுவிட்டது. அந்தக் 'குஉறி' என்கிற இழுப்பு இருக்கிறதே, கிணற்றில் வாளி இறங்குகிறமாதிரி ஒரு இறக்கம், அடியில் தொட்டதும் ஒரு துள்ளல், அதைக் கேட்டதும் ரெமிக்குக் கண் கலங்கிவிட்டது, மாஸ்டர் இன்னும் நம்மை மறக்கவில்லை என்று. எதற்குக் கமாண்டோ உடுப்பு என்று அவன் கேட்கவில்லை. ராணுவத்தில் தண்டனை என்றால் முழுச் சுமையையும் மாட்டிவிட்டு வெயிலில் நிற்கவைப்பார்கள், மாஸ்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், ஆக இது தண்டனை, தண்டனை என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு, முடிந்தால் மன்னிப்பு, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் மட்டும் சொல்ல முடியாமல் போனது. முதல் முதலில் கிளப்பில் சேர்ந்தபோது குறி பார்க்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தான், அவள் உடுக்கை, எலுமிச்சம்பழம், சாமியாடி எல்லாவற்றையும் ஒரே நொடியில் நினைத்துக்கொண்டு, ஏல நாம வேதக்காரங்கல்லா, பங்குச் சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன ஆவும் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். சரி என்று அடுத்த வாரம் ஷூட்டிங் போறேன் என்றான். பக்கத்து வீட்டு அக்கா மூன்று பேர் ஹீரோ யாரு என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார்கள். இன்றைக்கு ஜெபக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான், அது அவ்வளவு பொய்யும் இல்லை, எட்டு மணியிலிருந்து ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கொட்டகையிலிருந்து ஜெர்லின் வருகிறாள், அவளுடைய ரப்பர் செருப்புச் சத்தம் சளக் சளக் என்று கேட்கிறது, கறுப்புக் கண்ணாடியில் அவள் ஒரு கறுப்பு ஜெர்லினாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறாள். ஜெர்லின் நன்றாகச் சுடுவாள், பேச்சும் அப்படியே, தோட்டாவை வீணாக்க மாட்டாள். வந்து கவசத்தைத் தேங்காய் பார்க்கிறமாதிரி விரலால் தட்டிப் பார்க்கிறாள். உள்ளே ஆள் உண்டா இல்லை சும்மா உடுப்பைக் கம்பில் மாட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறாள். ஊரார் குரலையெல்லாம் எடுத்துப் பேசிப் பழகிய ரெமியின் தொண்டையில் சட்டென்று கலெக்டர் வந்து நிற்கிறார், 'மனுவை மேசைமேல் வச்சிட்டுப் போங்கம்மா' என்று சொல்லத் துடிக்கிறார், அவரைக் கஷ்டப்பட்டு விழுங்கினால் அடுத்து திருச்செந்தூர் பஸ் கண்டக்டர் ஏறுகிறார், 'உள்ள போ உள்ள போ, உள்ள எவ்வளவு இடம் கெடக்கு' என்று, அவரையும் படியிலிருந்து தள்ளிவிட வேண்டியிருக்கிறது. பதில் வராததால் ஜெர்லின் தன் துண்டை அவன் வலது கையில் தொங்கப்போடுகிறாள், தண்ணீர் பாட்டிலை உடுப்பின் பையில் சொருகுகிறாள், நல்ல ஸ்டாண்டு, எங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணும் என்று சொல்லிவிட்டு மறுபடி சளக் சளக். திரும்பி நடக்கும்போது அவள் தோள் குலுங்குகிறது. இருமலாக இருக்கும். உப்புக் காற்று யாருக்குமே ஆகாது. ரெமிக்குத் தாகமாக இருக்கிறது, பாட்டில் அவன் நெஞ்சில்தான் இருக்கிறது, ஆனால் குடிக்க வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்றால் பேசுவதற்கு மட்டுமா குடிப்பதற்கும் சேர்த்தா என்பதை மாஸ்டர் விளக்கவில்லை, விளக்காத சட்டத்தைக் கடுமையான பக்கமாகவே எடுத்துக்கொள்வது நல்லது. உதட்டோரம் நாக்கை நீட்டினால் கரிக்கிறது. பூட்ஸின்மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ உதிர்ந்திருக்கிறது, நெஞ்சுப் பக்கத்துத் தையல் ஓரத்திலிருந்து. வேர்வை காய்ந்தால் உப்பாகும் என்று அறிவியல் புத்தகத்தில் படித்திருக்கிறான், ஆனால் இவ்வளவு பெரிய கல்லாகவா ஆகும்? ஒருவேளை இத்தனை உடுப்புப் போட்டால் ஆகும்போல. தன் உடம்பைப் பற்றி அவனுக்கு ஒரு சின்னப் பெருமைகூட வருகிறது.

கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு சுயம்புலிங்கம் அண்ணாச்சி உட்கார்கிறார். ஆகா, வந்துவிட்டார், என்று ரெமியின் வயிற்றுக்குள் ஒரு குட்டிச் சிரிப்பு புரண்டு படுக்கிறது, ஏனென்றால் மாஸ்டர் அவனைத் துரத்தியதற்குக் காரணமே அண்ணாச்சிதான், அண்ணாச்சிகூட இல்லை, அண்ணாச்சியின் மீசை. உப்பு வியாபாரி. 'மீசைக்காரர் உப்பு' என்று பாக்கெட்டில் அவர் படமே இருக்கும், மூக்குக்குக் கீழே இரண்டு அணில் வால். ஐம்பது வயதுக்குமேல் சுடக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுக் கிளப்பில் சேர்ந்தார், ஒரு தோட்டாவும் அட்டையில் பட்டதில்லை, அட்டைக்குப் பின்னால் இருக்கிற மண்மேடுதான் அவரைக் கண்டால் பயப்படும். அப்போதுதான் ரெமி ஒரு சனிக்கிழமை கிளப் ஆபீஸ் போனை எடுத்து, மாஸ்டர் குரலில், அண்ணாச்சி, துப்பாக்கிக் கட்டைல கன்னத்த வைக்கும்போது உங்க மீசைதான் உரசுது, உரசினா குஉறி அசையும், மீசைய எடுத்துட்டு வாங்க, குஉறி தானா வந்து நிக்கும் என்று சொன்னான். மறுநாள் அண்ணாச்சி வழித்த மேலுதட்டோடு வந்து மாஸ்டர் முன்னால் நின்று, இப்பம் சரியா இருக்கா மாஸ்டர் என்று கேட்டார். மாஸ்டருக்கு முதலில் ஆளே அடையாளம் தெரியவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாகத் திரும்பி ரெமியைப் பார்த்தார்கள், ஜில்லாவில் அப்படி ஒரு தொண்டை ஒன்றுதான் இருக்கிறது. அவன் படுத்துச் சுடுகிற பாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு மாஸ்டர் போட்ட சத்தம், அடேயப்பா, கொடிக்கம்பம் ஆடியது, உப்பளத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. அதைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பான், முதல் தடவை கொக்கு இல்லை, மூன்றாவது தடவையில்தான் கொக்கு வந்தது, ஆனால் வந்தபிறகு போகவில்லை. அவன் வேலை செய்யும் விதமே அதுதான். குரல் எடுப்பது என்றால் ஒரு ஆளிடமிருந்து ஒரு சரக்கு எடுக்க வேண்டும், பிறகு கடைக்காரர் கறிவேப்பிலை போடுகிறமாதிரி நம் கையிலிருந்து ஒரு கொசுறு போட வேண்டும், கொசுறு இல்லாவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பங்குச் சாமியாருக்கு ஒரு 'ஆகவே'. கெமிஸ்ட்ரி சாருக்கு மூக்குறிஞ்சல். அண்ணாச்சிக்கு வாக்கியத்துக்கு நடுவே ஒரு ஏப்பம். இப்போது அண்ணாச்சி உண்மையாக ஏப்பமே விடாமல் பேசினால் ரெமிக்கு ஏதோ குறைகிறமாதிரி இருக்கும், என்ன இந்த மனுஷனுக்கு உடம்பு சரியில்லையா என்று.

அண்ணாச்சி எழுந்து வருகிறார். பக்கத்தில் வந்து, மேலும் கீழும் பார்த்து, விறைப்பாக ஒரு சலாம் வைக்கிறார். "சார் எந்த ஊரு போலீஸ்? மெட்ராஸா?" என்று கேட்கிறார். ரெமியின் உள்ளே நூறு வாட்ஸ் பல்பு எரிகிறது. அடி சக்கை. ஆள் தெரியவில்லை. அண்ணாச்சி இவனை உண்மையான கமாண்டோ என்றே நினைத்துவிட்டார், ஒரு மனுஷன் எத்தனை முறை ஏமாறலாம் என்பதற்கு ஒரு அளவே இல்லையா, இதற்கு அவன் ஒன்றுமே செய்யவில்லையே, சும்மா நின்றான், அவராக வந்து விழுகிறார். மாஸ்டர் வந்து முகத்துணியைக் கழற்றச் சொல்லும் அந்த நிமிஷம், அண்ணாச்சியின் முகம் போகப்போகிற போக்கு, அதுதான் இன்றைக்குச் சிரிப்பு, அதற்காக எவ்வளவு வெயிலும் தாங்கலாம். மெல்லத் தலையை ஆட்டுகிறான், மெட்ராஸ்தான் என்கிறமாதிரி. அண்ணாச்சி நாற்காலியை இழுத்து வந்து அவன் முன்னாலேயே போட்டு உட்கார்ந்துகொள்கிறார். பெரிய இடத்து ஆள், உங்ககிட்ட சொன்னாத்தான் ஆறும் சார் என்று ஆரம்பிக்கிறார். இங்கே ஒரு பயல் இருந்தான், ரெமி என்று பெயர், போனில் மாஸ்டர் மாதிரிப் பேசி மீசையை எடுக்க வைத்துவிட்டான் என்று, நடந்ததையெல்லாம் சொல்கிறார், ரெமி தலையைச் சோகமாக ஆட்டுகிறான், என்ன உலகம் என்று ஆட்டுகிறான். அதுவரைக்கும் தெரிந்த கதை. பிறகுதான் தெரியாத கதை வருகிறது. மீசையை எடுத்துவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார், எதிர்க்கடை பலசரக்குக்காரர் பார்த்திருக்கிறார், அந்தப் பக்கத்தில் இந்த வயதில் ஒரு ஆள் மீசையை வழித்தால் அப்பா போய்விட்டார் என்றுதானே அர்த்தம், அவர் கடையை இழுத்துப் பூட்டிவிட்டார். அவர் பூட்டியதைப் பார்த்து வரிசையாக எல்லோரும். மத்தியானத்துக்குள் வீட்டு வாசலில் முப்பது நாற்பது பேர், ரோஜாமாலையோடு, பெண்கள் தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது அண்ணாச்சியின் அப்பா. கையில் பல்செட்டு. யாருக்கு என்னாச்சு என்று அவர் கேட்க, மாலை வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க, ஒரு அம்மா மட்டும் பார்க்காமல் வந்து அவர் காலையே கட்டிக்கொண்டு, எப்பம் போனாரு, ராத்திரியா என்று அவரிடமே கேட்டு அழுதிருக்கிறாள்.

இங்கேதான் ஆபத்து. ரெமியின் அடிவயிற்றில் ஒரு உருண்டை கிளம்புகிறது, உடுப்பின் கீழ்ப்பட்டையில் முட்டுகிறது, மேலே ஏறுகிறது, மூக்கு வழியாக விடலாமென்றால் துணி உப்பிவிடும், பல்லைக் கடிக்கிறான், நாக்கைக் கடிக்கிறான், கறுப்புக் கண்ணாடிக்குள் கண் இரண்டும் நிரம்பி வழிகிறது, எதையாவது துக்கமாக நினைக்க வேண்டும், சீக்கிரம், செத்துப்போன நாய், செத்துப்போன நாய் பல்செட்டோடு கதவைத் திறக்கிறது, ஐயோ வேண்டாம், கெமிஸ்ட்ரி மார்க், கெமிஸ்ட்ரி மார்க்கைப் பார்த்து அம்மா மாலையோடு வருகிறாள், வேண்டாம், வேண்டாம். பாயை நினை. கொட்டகைக்குள் அவன் பாய். அதில் படுத்துக் கட்டையில் கன்னத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதை நினை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னாலும் எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாது. படுத்ததும் உள்ளே கூட்டம் கலைய ஆரம்பிக்கும், கண்டக்டர் இறங்கிப் போவார், சாமியார் ஆகவே என்று சொல்லிவிட்டுப் போவார், கலெக்டர், கெமிஸ்ட்ரி சார், அண்ணாச்சி, எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக, கடைசியில் மூச்சு மட்டும் இருக்கும், மூச்சும் பாதியில் நிற்கும், அந்த ஒரு இடைவெளியில் உள்ளே யாருமே இல்லை, தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, இந்தப் பக்கம் அவன், அவ்வளவுதான். பகல் முழுக்க வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் சந்தைக்கடையாக இருக்கிற தலைக்கு அது ஒன்றுதான் விடுமுறை. மூன்று ஞாயிறாக அது இல்லை. ராத்திரி தூங்கும்போதுகூட உள்ளே யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்டேட் மேட்ச், மெடல், அதெல்லாம் அம்மாவுக்குக் காட்ட; அவனுக்கு வேண்டியது அந்தப் பாய், அந்த அரை மூச்சு. அதை நினைத்ததும் உருண்டை கொஞ்சம் இறங்குகிறது. இறங்கிய நேரம் பார்த்து அண்ணாச்சி அடுத்ததைச் சொல்கிறார், குரல் தணிந்து, செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு. "எங்கப்பா அன்னைலேர்ந்து எங்கிட்டப் பேசல சார். உசிரோட இருக்கும்போதே எனக்குக் கருமாதி பண்ணிட்டான்னு எங்கம்மாட்ட சொல்லுதாரு. நான் சோறு போட்டா சாப்பிட மாட்டேங்காரு."

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. இருந்த இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது, அது உருண்டையாக இல்லை, தட்டையாக, உடுப்புக்குள் சொருகியிருக்கிற தகட்டைவிடக் கனமாக. ரெமிக்கு இப்போது ஒன்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது, ஒரே ஒரு வார்த்தை, அண்ணாச்சி நான்தான் என்றோ, மன்னிச்சிருங்க என்றோ, அவர் அப்பாவிடம் நான் வந்து சொல்லுதேன், காலில் விழுந்து சொல்லுதேன் என்றோ. வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் திறந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், பாய் இல்லை, அரை மூச்சு இல்லை, மாஸ்டர் போனில் சொன்னது காதுக்குள் அப்படியே இருக்கிறது. திறக்கலாமா. திறந்து சொல்லிவிட்டுப் போய்விடலாமா. மாஸ்டர் பார்க்கவா போகிறார், ஆனால் ஜெர்லின் பார்க்கிறாள். சொல்லாமல் நிற்பது சரியா, சொல்லிவிட்டுப் போவது சரியா, இரண்டும் சரியாகவும் இரண்டும் தப்பாகவும் தோன்றுகிறது, வெயில் வேறு மண்டைக்குள் மத்தளம் கொட்டுகிறது, சலாம் வைத்த மனுஷனுக்குத் திருப்பி ஒரு சலாமாவது வைக்கலாமென்று கையைத் தூக்கினால் ஜெர்லினின் துண்டு நழுவி விழுகிறது. அண்ணாச்சி குனிந்து துண்டை எடுத்து, தூசி தட்டி, மறுபடி அவன் கையிலேயே போடுகிறார். போட்டுவிட்டு அவன் கண்ணாடிக்குள் உற்றுப் பார்க்கிறார். அவர் மேலுதட்டில் மூன்று வாரத்து முடி, அறுத்த வயலில் கட்டை நிற்கிறமாதிரி, லேசாகத் துடிக்கிறது. அழப்போகிறார் என்று நினைத்து ரெமி வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான். பாவம், இவ்வளவு நல்ல மனுஷனைப் போய்.

ஸ்கூட்டர் சத்தம். மாஸ்டர். ரெமி உடம்பை விறைக்கிறான், முட்டி முடி இழுக்கிறது, இழுக்கட்டும். மாசிலாமணி மாஸ்டர் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வருகிறார், வந்து நின்று பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். இதோ, இப்போது சொல்லப்போகிறார், 'வாயத் தொறல' என்று, கொடிக்கம்பம் ஆட. "யாரு இது, ரெமியா?" என்கிறார் மாஸ்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர் பேசுகிறமாதிரி, அவ்வளவு மெதுவாக. ஐயையோ, மாஸ்டருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, என்று ரெமி நினைக்கிறான், வெள்ளிக்கிழமை போனில் நன்றாகத்தானே இருந்தார், ராத்திரி பனியில் நின்றிருப்பார். மாஸ்டர் அண்ணாச்சி பக்கம் திரும்புகிறார். "மீச உம்மது, தீர்ப்பும் உம்மதுதான்னு நான் சொன்னது வாஸ்தவம். அதுக்காவ இந்தச் சினிமாக்காரன் சட்டையெல்லாம் எதுக்குவே? வெயில்ல புள்ள மயங்கி விழுந்துரப்போறான்." ரெமிக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுகின்றன, சேர மாட்டேன் என்கின்றன. தீர்ப்பு. யாருடைய தீர்ப்பு. எட்டு மணிலேர்ந்து நிக்கான் மாஸ்டர், என்கிறார் அண்ணாச்சி, உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு ஏப்பம்கூட இல்லாமல். என் உப்புல நாலு பாக்கெட்ட நெஞ்சுத் தகட்டுக்குப் பதிலா வச்சித் தச்சிருக்கேன், தாங்கிட்டான். எங்கப்பா கதையச் சொன்னேன், அதயும் தாங்கிட்டான், சிரிக்கல, கடேசில அழுதாம்னுதான் நெனைக்கேன். அப்படியானால் சேர்த்துக்கொள்ளலாமா, உம் மனசு ஆறியதா என்று மாஸ்டர் கேட்கிறார், அதே ஆஸ்பத்திரிக் குரலில், புள்ளியப் பாத்து சுடுத புள்ள, வீணாப் போவக் கூடாது என்கிறார். புள்ளி என்கிறார். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார், தோள் துண்டை உதறி மறுபடி போட்டுக்கொள்கிறார், தொண்டையைச் செருமுகிறார், அந்த வழித்த உதட்டுக்குள்ளிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படியே வெளியே வருகிறது, வாளி கிணற்றில் இறங்குகிறது, அடியில் தொட்டுத் துள்ளுகிறது. "தொறக்காம நின்னுட்டல்லா, போ, போய்ப் பாயில படு. குஉறி முக்கியம்ல, குஉறி." கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு ஜெர்லின் அப்படியே கீழே சரிகிறாள், அவளுக்கு இருமல் இல்லை. மாஸ்டர் மட்டும் ஒன்றும் புரியாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவராக, அண்ணாச்சியைப் பார்க்கிறார். "இது யாரு மாதிரிப் பேசுதீரு?" ரெமி நினைத்துப் பார்க்கிறான், கறுப்புத் துணிக்குள் வாய் தானாகத் திறந்துகொள்கிறது, மாஸ்டர் என்றைக்குக் குறி என்று சொன்னார், பாயில் படுக்கவைத்து, காதோரம் குனிந்து, இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளாவது, புள்ளி என்றுதானே சொல்வார், புள்ளியப் பாரு மக்களே, புள்ளி, அப்படியானால் அந்த வாளியும் கிணறும் துள்ளலும், ஏலக்கூடத்தில் மீனுக்கு விலை கூவுகிறவரிடம் திருடி, மாஸ்டர் வெறுமனே பேசினால் பையன்கள் சிரிக்கவில்லையே என்று இவனே மேலே போட்டுக் கொடுத்த கொசுறு, அந்தக் கொசுறைத்தான் அண்ணாச்சி பத்திரமாக வைத்திருந்து வெள்ளிக்கிழமை போனில் திருப்பிக் கொடுத்திருக்கிறார், இவனும் கண்கலங்க வாங்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான்.